செம்பின் மேல் வெள்ளி

மதுரை வெண்கலக்கடைத் தெருவில் ஒரு நாள் முற்பகல் நான் கண்ட காட்சியொன்றைக் கூறி இவ்வுரையைத் தொடங்குகின்றேன். பழைய பாத்திரங்களை எடைக்கு வாங்கும் கடையொன்றில் முதிய அம்மையார் ஒருவர் சாக்குப் பையொன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தார். அண்டா, தவலை, குத்துவிளக்கின் தண்டு, நசுங்கிய தூக்குச்சட்டி ஆகியவற்றோடு ஒரு பித்தளைச் செம்பும் உருண்டு வந்தது. அதன் வயிற்றைச் சுற்றிச் செப்புத் தகட்டில் புடைத்தெழுந்த கொடியொன்று ஓடியது, கொடியின் வளைவுதோறும் ஒவ்வோர் அன்னம், அன்னங்கள் வெள்ளி. களிம்பும் கருமையும் ஏறியிருந்தமையால் வெள்ளி வெள்ளியாகவும் தோன்றவில்லை, செம்பு செம்பாகவும் தோன்றவில்லை. கடைக்காரர் அதனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்னர்ச் சிற்றுளி ஒன்றை எடுத்து ஓர் அன்னத்தின் அடியிலே நுழைத்து நெம்பினார். அன்னம் கழன்று விழுந்தது. அதன் முதுகுக்குப் பின்னே அடைத்திருந்த அரக்கும் பொடியாய் உதிர்ந்தது.

"ஏன் ஐயா பெயர்க்கிறீர்கள்?" என்றேன்.

"பித்தளைக்கு ஒரு விலை, செம்புக்கு ஒரு விலை, ஐயா. இந்த ஒட்டுவேலையோடு தராசில் போட்டால் கணக்கு உதைக்கும். அரக்குக்கு யார் பணம் கொடுப்பது?" என்றார் அவர். அவர் கூற்றிலே வஞ்சகம் சிறிதும் இல்லை. அவருடைய தொழில் எடை பார்ப்பது. அந்த எடையைக் கெடுப்பது இன்னொருவன் செய்த வேலை. ஆகவே அந்த வேலை அவருக்குக் கலப்படமாகத் தோன்றிற்று.

அன்று முதல் என் உள்ளத்தை விட்டு அகலாத வினா ஒன்று உண்டு. ஓர் உலோகத்தின் மேல் மற்றோர் உலோகத்தைப் பதித்துச் சித்திரம் செய்யும் கலை, நம் நாட்டில் பழைய பாத்திரக் கடைக்குப் போயிற்று. அதே கலை ஜப்பான் நாட்டிலே வளர்ந்து, இன்று உலகத்துக் காட்சிச் சாலைகளிலெல்லாம் கண்ணாடிப் பேழைகளில் வீற்றிருக்கின்றது. இஃது எவ்வாறு நேர்ந்தது? இதற்கு விடை காண முற்பட்டபோது, இவ்விரு நாட்டுக் கதைகளும் நான் எண்ணியதைவிட நெருங்கியவை என்று கண்டேன்.

பாண்டி நாட்டில் உலோக வேலை நேற்றுத் தோன்றியதன்று. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியர் யாகோரும், பின்னர் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் ரீயும் அகழ்ந்தபோது, முதுமக்கள் தாழிகளோடு வெண்கலக் கலங்களும் வெளிப்பட்டன. அக்கலங்களின் மூடிகளிலே எருமையும் சேவலும் மானும் புலியும் நிற்கின்றன. ஒரு மூடியைக் கையால் பற்றித் தூக்குவதற்கு ஒரு குமிழ் போதும். குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு விரிந்த எருமையை நிறுத்தியவன் தன் மகிழ்ச்சிக்காக நிறுத்தினான் என்றே கொள்ள வேண்டும். கொங்கு நாட்டுக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் நடத்திய அகழ்வில் கிடைத்த வெண்கலப் புலியோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது; அதன் உடலில் சூதுபவளம் முதலிய மணிகள் பதிக்கப்பட்டுள்ளன. உலோகத்தில் குழி தோண்டி வேறொரு பொருளை அதனுள் அமர்த்தும் சிந்தனை தமிழகத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தது என்பதற்கு அப்புலி சான்று. மதுரைக் காஞ்சி பாடிய மாங்குடி மருதனாரும், மாலை வேளையில் மதுரைத் தெருவில் நின்றவர்களை அடுக்கிச் சொல்லும்போது, சங்கு அறுத்து வளையல் கடைபவரையும் மணிக்குத் துளையிடுபவரையும் பொன்னை உரைத்துப் பார்ப்பவரையும் குறித்துவிட்டு, செம்பை நிறுத்து வாங்குபவரையும் மறவாமல் குறிக்கின்றார். வெண்கலக்கடைத் தெருத் தராசுக்கு வயது மிகுதி!

இனிப் பதிப்பு வேலையின் இயல்பைச் சிறிது காண்போம். ஓர் உலோகத்தின் முகத்தில் இன்னொன்றை நிலைநிறுத்தப் பற்றவைப்பு வேண்டுவதில்லை. அடியிலுள்ள உலோகத்தில் உளியால் பள்ளம் வெட்டுவார்கள். அப்பள்ளத்தின் வாய் குறுகியும் அடி அகன்றும் இருக்குமாறு, பக்கச் சுவர்களை உட்புறமாகச் சாய்த்து வெட்டுவதில்தான் வித்தை இருக்கின்றது. வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ அதில் வைத்து மெல்லத் தட்டினால், மெதுவான வெள்ளி அகன்ற அடிக்குள் பரவிச் சென்று பிடித்துக்கொள்ளும். பின்னர் அதனை வெளியே எடுக்க வேண்டுமாயின் நெம்பித்தான் எடுக்க வேண்டும். மற்றொரு முறையும் உண்டு. இரும்பு போன்ற கடினமான உலோகத்தின் முகத்தை நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் மெல்லிய பொன் தகட்டையோ பொற் கம்பியையோ வைத்து அழுத்துவார்கள். பஞ்சாபில் இதனைக் கோப்த்காரி என்பர். ஜப்பானியர் இதற்கு இட்ட பெயர் 'நுனொமெ', அதாவது துணியின் இழைபோன்ற முகம். நெசவாளர் நிறைந்த மதுரைக்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்கத் தேவையில்லை.

தஞ்சையில் வழங்குவது மூன்றாவது முறை. தஞ்சாவூர்த் தட்டு என்று நாம் அழைக்கும் பொருள், இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில், அதாவது 1798-க்கும் 1832-க்கும் இடையில், உருக்கொண்டது என்பது வழக்கு. அதில் ஒருவர் கைவேலை மட்டும் இல்லை. பாத்திரம் செய்யும் கன்னார் அடித்தட்டைச் செய்து தருவார். தெய்வ உருவமும் பூங்கொடியும் அமைந்த அச்சில் மெல்லிய தகட்டை வைத்துத் தட்டிப் புடைப்புருவம் எடுப்பவர் வேறொருவர். அவ்வுருவத்தின் பின்புறக் குழிவில் அரக்குக் கலவையை நிரப்பி, அடித்தட்டில் அமர்த்தி, ஓரங்களைப் பள்ளத்தில் இறக்கி, உளிமுனையால் ஓரம் முழுதும் தட்டி இறுக்குபவர் பதிப்பவர். தட்டின் நடுவே வட்டத்தில் கடவுளோ நடராசரோ அமர, சுற்றிலும் சிறுசிறு வட்டங்களில் மற்றைய உருவங்கள் அமையும். பித்தளையின் மஞ்சளும் செம்பின் சிவப்பும் வெள்ளியின் வெண்மையும் ஒன்றையொன்று எடுத்துக் காட்டும். இன்று இத்தட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்று.

இது தஞ்சைக்கே உரியதென்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முழுதும் சரியன்று. 1880-ஆம் ஆண்டில் இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி விரிவான நூல் எழுதிய ஜார்ஜ் பேர்டுவுட் என்னும் ஆங்கிலேயர், தென்னாட்டு உலோக வேலையைக் கூறுமிடத்து மதுரையையும் தஞ்சையையும் சேர்த்தே கூறுகின்றார். அவ்வூர்க் கலங்களில் சில மேலோட்டமாகக் கீறப்பட்டவை. சில புராண உருவங்கள் ஆழமாக வெட்டப்பட்டவை. மற்றும் சில பித்தளை மேல் செம்பும் செம்பின் மேல் வெள்ளியுமாக இலைக்கோலம் பதிக்கப்பட்டவை என்று அவர் வகுக்கின்றார். கிரேக்கப் பெருங்கவி ஓமர் வருணிக்கும் பண்டைக் கிண்ணங்கள் அவர் நினைவுக்கு வருகின்றன. ஆகவே நான் கடையில் கண்ட செம்பு, பேர்டுவுட் கண்டு வியந்த குடும்பத்தைச் சேர்ந்தது.

அச்செம்பின் மேலோடிய செப்புக்கொடி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடை வியப்பளிக்கும். தமிழகத்தில் செம்பு மிகுதியாக விளைவதில்லை. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி நெடுங்காலம் சோழமண்டலக் கரைக்கு வந்த செம்பில் பெரும்பங்கு ஜப்பானியச் செம்பு! நாகசாகித் துறைமுகத்தில் வாணிகம் செய்ய ஐரோப்பியருள் டச்சுக்காரர்க்கு மட்டுமே அக்காலத்தில் உரிமை இருந்தது. அவர்கள் ஒசாகா நகரத்து உலைகளில் தூய்மை செய்த செம்பைக் கோல் கோலாக வாங்கினார்கள். உருகிய செம்பை வெந்நீரில் வார்ப்பதனால் அக்கோல்களுக்குக் குருதி போன்ற செந்நிறம் ஏறும். மரப்பெட்டிகளில் அடுக்கிக் கப்பலேற்றிய அச்செம்பு, பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இறங்கி விலையாயிற்று. 1658-இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கைக்கு வந்தன. 1690 முதல் 1781 வரை நாகப்பட்டினமே அவர்களுடைய சோழமண்டலத் தலைமையிடமாக விளங்கியது. அங்கிருந்து செம்பு உள்நாட்டுக்குச் சென்று காசாகவும் குடமாகவும் ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கும்பெனியார் தம் நாட்டுச் செம்பைக் கொண்டுவந்து குவித்த பிறகே ஜப்பானியச் செம்பு பின்வாங்கியது. நாயக்கர் காலத்து மதுரைக் கன்னாரும் ஒசாகாவின் உலைக்காரரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனால் ஒருவர் உருக்கியதை மற்றவர் தட்டியிருக்கிறார்.

நமக்கு இவ்வளவு செம்பை அனுப்பிய நாட்டில், எஞ்சிய செம்பைக் கொண்டு என்ன செய்தார்கள்? வாளுக்கு அணி செய்தார்கள். 1603 முதல் 1868 வரை தொக்குகவா மரபினர் ஆட்சியில் ஜப்பானில் பெரும்போர் அருகியே நிகழ்ந்தது. சாமுராய் வீரன் இடையில் இரு வாள்கள் செருகியிருந்தான். ஆனால் அவற்றை உருவும் தேவை அவனுக்கு வாய்க்கவில்லை. உறையிலேயே உறங்கும் வாளுக்கு வெளியே தெரிவன கைப்பிடியும், கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள காப்பு வட்டமுமே. 'த்சுபா' எனப்படும் அவ்வட்டம் உள்ளங்கையளவுதான். அந்த உள்ளங்கையில் மலையும் மழையும் நாரையும் நண்டும் பிறந்தன. பொன்னும் வெள்ளியும் மட்டுமன்றி, நிறத்துக்காகவே கலந்த உலோகங்களையும் அவர்கள் ஆண்டார்கள். செம்பில் நூற்றுக்கு நாலைந்து பங்கு பொன் சேர்த்தால் 'ஷகுதோ'. செம்பில் ஏறத்தாழக் கால்பங்கு வெள்ளி சேர்த்தால் 'ஷிபுஇச்சி'. உலையிலிருந்து வரும்போது இவற்றில் அழகு ஒன்றும் இல்லை. துருசு முதலியன கலந்த நீரில் கொதிக்கவைத்த பின்னர், முன்னது காக்கைச் சிறகின் கருநீலமும், பின்னது மேகத்தின் சாம்பல் நிறமும் பெறும். அந்நீரில் இடுவதற்கு முன் உலோகத்தைத் துருவிய முள்ளங்கிச் சாற்றில் தோய்ப்பார்கள். நிறம் திட்டுத்திட்டாகப் படியாமல் ஒரே சீராகப் படிவதற்கு அது உதவும். நம் வீட்டுப் பெண்கள் புளியைக் கொண்டு செம்பைச் சிவக்க வைப்பதை நினைத்துக்கொண்டால் இது விந்தையாகத் தோன்றாது. நம் நாட்டிலும் பீதரில் துத்தநாகத்தோடு சிறிது செம்பு கலந்து வார்த்த கலத்தில் வெள்ளியைப் பதித்து, கோட்டைக்குள் எடுத்த பழைய மண்ணை நவச்சாரத்தோடு கலந்து பூசிக் கலத்தை மட்டும் கருக்கச் செய்கின்றனர்; வெள்ளி வெண்மை மாறாமல் நிற்கும். கறுப்பின் மேல் வெண்மை என்னும் அதே ஆசை. வழி மட்டும் வேறு.

இங்கே கதையின் திருப்பம் வருகின்றது. இரு நாடுகளிலும் அரசு வாளைப் பறித்தது. நம் பக்கம் முந்திக்கொண்டது.

1795-ஆம் ஆண்டில் மதுரையில் தங்கியிருந்த ஜேம்சு வெல்சு என்னும் இளம் ஆங்கிலப் படைத்தலைவருக்குச் சிவகங்கைச் சின்ன மருது அரிய அரிசியும் கனிகளும் அனுப்பி அன்பு பாராட்டினார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவர்க்குக் கற்றுக்கொடுத்தார். கைதேர்ந்தவன் வீசினால் நூறு கெச எல்லைக்குள் குறி தவறாத படைக்கலம் அது என்று வெல்சு தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கின்றார். ஆறே ஆண்டுகளில் அதே வெல்சு அதே மருதுவை எதிர்த்துப் படையோடு வந்தார். 1801 அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். தம் ஆசானைப் பற்றி வெல்சு எழுதிய பகுதியில் துயரம் மறைந்து நிற்கின்றது. அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு வெளியிட்ட அறிக்கை, பாளையக்காரர்களின் படைக்கலங்கள் அனைத்தையும் ஒப்படைக்குமாறு ஆணையிட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. துப்பாக்கியும் ஈட்டியும் வைத்திருப்பதே கடுங்குற்றமாயிற்று. மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், வீட்டுக்கு வீடு தொங்கிய வேலும் வாளும் வண்டிகளில் ஏறின. வளரி ஒன்று மட்டும் ஆணைக்கு அப்பாற்பட்ட ஒரு கையில் தங்கிவிட்டது. சித்திரைத் திருநாளில் கள்ளர் திருக்கோலம் பூண்டு மதுரைக்கு எழுந்தருளும் அழகர், வளைதடியைக் கையிலேந்தித்தான் இன்றும் வருகின்றார்.

தஞ்சையின் நிலை வேறு. 1799-இல் சரபோசி மன்னர் நாட்டாட்சியைக் கும்பெனியாரிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டையையும் அரண்மனையையும் தமக்கென வைத்துக்கொண்டார். படையில்லாத மன்னருக்குப் படைக்கலச் சாலை மட்டும் எஞ்சிற்று. அதில் இருந்தவற்றுள் சிறந்தவை நாயக்கர் காலத்து வேலை. கட்டாரிகளின் கைக்காப்புகளில் யாளியும் மகரமும் அன்னமும் இரும்பிலேயே கடைந்தெடுக்கப்பட்டிருக்கும். ஐரோப்பியர் வாள்களிலிருந்து எடுத்த அலகுகளும் பலவற்றில் பொருத்தப்பட்டிருக்கும். யானையின் அங்குசங்களோ, ஒரு கோயில் கோபுரத்தைக் கைப்பிடியளவில் சுருக்கியவை போன்றவை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தென்னாட்டுப் படைக்கலத்தின் பெருமை பொன்பதிப்பில் இல்லை. இரும்பைச் சந்தனக் கட்டை போல இழைத்ததில் இருக்கின்றது. ஆனால் இரும்பில் யாளியைக் கடைந்த உளியும், பித்தளையில் அன்னத்தைப் பதித்த உளியும் ஒரே பட்டறை மரபைச் சேர்ந்தவை.

1855-இல் சிவாசி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்தார். அரசுரிமை முடிந்தது. பின்னர் அப்படைக்கலங்கள் மலைமலையாக வெளியே கொண்டுவரப்பட்டன. சிறந்தவை எனத் தேர்ந்தவை சென்னை அரசினர் காட்சிச் சாலைக்கு அனுப்பப்பட்டன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்டன. இச்செய்தியை, சென்னை ஆட்சிப் பணியிலிருந்த வால்ஹவுசு என்பவர் 1878-ஆம் ஆண்டு 'இந்தியன் ஆன்டிகுவரி' என்னும் ஆராய்ச்சி இதழில் வருந்தி எழுதியிருக்கின்றார். நேயர்களே, அந்த ஆணையை எழுதியவரும் கலையை வெறுத்தவராக இருந்திருக்க வேண்டுவதில்லை. அவரும் எடை பார்த்தார். அவ்வளவே. தப்பிப் பிழைத்த தஞ்சைக் கட்டாரிகளை எழும்பூரிலும், 1935-இல் ஸ்டோன் என்னும் அமெரிக்கர் தம் விருப்பாவணத்தின் வழி அளித்த தொகுதியில் நியூயார்க்கு நகரத்து மெட்ரொபாலிடன் காட்சிச் சாலையிலும் இன்று காணலாம். தஞ்சைச் சாலையைச் சேர்ந்த தந்தத்தாலான வளரிகளும் எழும்பூரில் உள்ளன.

ஜப்பானில் அந்நாள் 1876 மார்ச்சு 28. படைவீரரும் காவலரும் அல்லாதார் பொது இடத்தில் வாள் அணிந்து செல்லலாகாது என்று மெய்சி அரசு ஆணையிட்டது. வாளணியைச் செய்து வாழ்ந்த பட்டறைகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின என்று சொல்வது மிகையாகாது. பல தலைமுறைகளாகப் பழகிய கை; வாங்குவோர் இல்லை. நம் நாட்டில் 1801-இல் நேர்ந்ததே அங்கும் நேர்ந்திருக்க வேண்டும்.

நேரவில்லை, காரணம், அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1873-இல் வியன்னா நகரத்து உலகக் கண்காட்சிக்கு ஜப்பானிய அரசு தன் நாட்டுக் கைவினைப் பொருள்களை அனுப்பியிருந்தது. ஐரோப்பியர் அவற்றை ஆவலுடன் வாங்கினர். அதன் பயனாக 1874-இல் ஏற்றுமதிக்கென ஒரு வாணிகக் கழகம் அரசின் ஆதரவோடு எழுந்தது. வாளின் காப்பு வட்டத்தில் நாரையைப் பதித்த கைகள், பூச்சாடியிலும் புகைத்தூபத்திலும் அதே நாரையைப் பதிக்கத் தொடங்கின. கனசவாவிலும் தக்கவோகாவிலும் கியோத்தோவிலும் வெண்கலப் பட்டறைகள் புத்துயிர் பெற்றன. கியோத்தோவின் கொமாய்க் குடும்பத்தார், இரும்பின் மேல் நுனொமெ முறையில் பொன்னிழைத்த பேழைகளுக்குப் பெயர் பெற்றனர்.

இருவரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கனோ நத்சுவோ 1828-இல் பிறந்தவர், வாளணிக் கலைஞர். புதிய அரசு நாணயம் அடிக்க முற்பட்டபோது, அச்சுகளுக்கு உருவம் செதுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பறவை நாகத்தைச் சிறிய வட்டத்தில் அடக்குவது அவருக்குப் புதிய வேலையா என்ன? 1890-இல் அரண்மனைக் கலைஞர் என்னும் பட்டமும், தோக்கியோக் கலைப்பள்ளியில் ஆசிரியப் பணியும் அவர்க்குக் கிடைத்தன. வாள் போன பின்னும் கற்பிக்க ஓர் இடம் இருந்தது. மற்றொருவர் சுசுகி சோகிச்சி. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் தலைமையில் செய்தனுப்பிய பன்னிரு பருந்துகள், பன்னிரண்டும் பன்னிரு வகையாகத் தண்டின்மேல் அமர்ந்திருக்கின்றன. ஒன்று சிறகு விரிக்கின்றது, ஒன்று அலகைத் தாழ்த்துகின்றது. ஷகுதோவும் ஷிபுஇச்சியும் பொன்னும் வெள்ளியும் இறகுக்கு இறகு நிறம் மாற்றுகின்றன. அவை இன்று கனசவாவிலுள்ள தேசியக் கைவினைக் காட்சிச் சாலையில் உள்ளன.

ஆயினும் ஜப்பானைப் பொன்னுலகமாக வருணிக்க நான் விரும்பவில்லை. ஏற்றுமதிக்கென விரைந்து செய்த மலிவுச் சரக்கும் அங்கே மலைபோல் குவிந்தது. மெய்சித் தொடக்கத்தில் பௌத்தத்தின் மேல் எழுந்த பகைமையில் கோயில் வெண்கலங்கள் உலைக்குச் சென்றன. போரின்பொருட்டு 1941-இல் பிறந்த உலோகத் திரட்டு ஆணையால் ஊரூராகக் கோயில் மணிகள் உருகின. எடை பார்ப்பவர் எல்லா நாட்டிலும் உண்டு. வேறுபாடு ஒன்றே: தேவை வந்த ஒரு தலைமுறையில், அங்கே உள்நாட்டு அரசு தன் கைவினைஞனுக்குச் சந்தை தேடியது. இங்கே தன் அரசு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அயலாட்சியார் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லுதல் கூடாது. 1850-இல் மருத்துவர் அலெக்சாந்தர் ஹன்டர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார். 1884 முதல் அதன் தலைவராயிருந்த ஈ. பி. ஹாவெல், மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து, மேல்நாட்டுப் பாணியைப் படியெடுப்பதை விடுத்து நம் மரபிலேயே வேலை செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆனால் அதே கலைப்பள்ளியிலிருந்துதான் 1898-இல் ஆல்பிரடு சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தார். இலேசானது, மலிவானது, ஈயம் பூச வேண்டாதது. கன்னாரின் பித்தளையைக் காக்க வேண்டிய பள்ளியே அதற்கு முதற் போட்டியை ஈன்றது என்று நான் நினைப்பதுண்டு. சாட்டர்டன் ஏழைக் குடும்பத்துக்கு நன்மை செய்தார் என்பதையும் மறுக்க இயலாது. பின்னர் எவர்சில்வர் வந்தது. தெருவில், பழைய பித்தளைக்குப் புதிய எவர்சில்வர் கொடுப்போம் என்று கூவிக்கொண்டு வந்தவர்களை நம்மில் மூத்தோர் நினைவுகூர்வர். 1801-இல் வண்டியிலேறியவை படைக்கலங்கள். இப்போது ஏறியவை நம் பாட்டியர் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தவை. அதற்கு ஆணை தேவைப்படவில்லை.

கடையில் கண்ட செம்பின் கதையை முடிக்கவில்லை. பித்தளை விலையைக் கொடுத்து அதனை நானே வாங்கினேன். கழன்ற அன்னத்தை மட்டும் கடைக்காரர் தனியே நிறுத்து, வெள்ளிக்குத் தனி விலை வாங்கினார். அந்த அம்மையார் இரண்டு தொகைகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு, "கலியாணத்தில் எங்கள் பாட்டிக்கு வந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தபோது மூன்று நிறங்களும் வெளிப்பட்டன. ஒரு வளைவில் மட்டும் அன்னம் இல்லை. அதன் வடிவத்தில் பள்ளம் இருக்கின்றது. அப்பள்ளத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வாய் குறுகி, அடி அகன்று, சுவர்கள் உட்சாய்ந்து இருக்கின்றன. கழுத்தின் வளைவில் உளி ஓரிடத்தில் வழுக்கியிருக்கின்றது. செய்தவர் அதனை உணர்ந்து, அடுத்த வெட்டைச் சற்றே தள்ளி வைத்திருக்கின்றார். அன்னம் தன் இடத்தில் இருந்த வரையில் அதனை யாரும் பார்த்திருக்க இயலாது.